அதிகார சபையிடம் இல்லாத அதிகாரம்

கொட்டாஞ்சேனை,
3.3.1981

அன்பு மகள் சிவமணிக்கு,

இங்கே அப்பாவும் நானும் நல்ல சுகம், லண்டன் குளிர் உன் நெஞ்சைப் பிடிக்காமல் இருக்க அம்மாளை வேண்டுகிறேன். வியாழக்கிழமைக் கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். எனக்குப் பின்னால் எந்த லோயரும் இல்லை.

போன மாதம் இரண்டு பேர் நம் ஒழுங்கையை அளக்க வந்தார்கள். மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டத்தான் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுப் புளோறன்ஸ் அக்கா டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டாள், நான் பிளேன்ரீ கொடுத்தேன், அப்பா எங்கள் எல்லையை ஒரு அடி தள்ளியே காட்டினார். பிறகு பொருளாதார அபிவிருத்தி அதிகார சபையிடமிருந்து எங்கள் ஒழுங்கைக்கும் பின் ஒழுங்கைக்கும் அறிவித்தல் வந்தது, தொழிற்சாலை கட்டப்போகிறோம், மார்ச் முடிவுக்குள் வெளியேறுங்கள் என்று. அக்கா தலையில் கை வைத்து, "ஐயோ தங்கச்சி, எங்கட வீட்டை நாங்களே அளந்து குடுத்திட்டமே" என்றாள்.

நான் நூலகத்துக்குப் போய் அந்தச் சபையின் சட்டத்தை முழுக்க வாசித்தேன். நாவலைப் போல இழுத்துக்கொண்டு போனது, பிள்ளை! காணியைக் குத்தகைக்குக் கொடுக்கலாம், கம்பனிகளுக்கு வரிச்சலுகை கொடுக்கலாம், ரோட்டுப் போடலாம். குடியிருப்பவர்களை எழுப்பும் அதிகாரம் மட்டும் எங்கேயும் இல்லை. காணியை எடுப்பதென்றால் அமைச்சர்தான் எடுக்கவேண்டும், அதற்கும் முதலில் எங்கள் ஆட்சேபணையைக் கேட்கவேண்டும்.

சபை எங்களைக் கூப்பிட்டு வைத்த அந்தக் கூட்டத்தில் அவர்களுடைய அதிகாரி கதிரையில் சாய்ந்துகொண்டு தங்களுக்கு எல்லா அதிகாரமும் இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். நானும் எழுந்து, எந்தப் பிரிவில் என்று சிங்களத்திலேயே கேட்டேன். பைலைப் புரட்டினார், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், கடைசியில் உங்கள் லோயர் யார் நங்கி என்றார். லண்டனில் வேலை பார்க்கும் மகள் இருப்பவளைப் போய் நங்கியாம், தங்கச்சியாம்! நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அக்கா பின்னாலிருந்து, "பேரைச் சொன்னா ஐயா பயந்துபோவீங்க" என்று சத்தம் வைத்தாள், மண்டபமே சிரித்தது. அப்பா வழி நெடுக, லோயரை எப்போது போய்க் கண்டாய் என்று துளைத்தார், அவருக்கும் சொல்லவில்லை.

இரவு டியூட்டி முடிந்தால் தனியே நடக்காதே, பசியோடு படுக்காதே. சித்தியின் பிறந்தநாளுக்கு இரண்டு வரியாவது எழுது. நினைத்ததெல்லாம் கைகூடி நீ நிறைவாக இருக்கவேண்டும்.

உன் அம்மா,
சரோஜினிதேவி

பி.கு. தபாலில் போடுமுன் செய்தி வந்தது. சபை அறிவித்தலை மீளப்பெற்றுவிட்டது. கூட்டத்துக்கு வராத பின் ஒழுங்கைக்காரர்கள் அதற்குள் வீடுகளை விட்டு முகத்துவாரப் பக்கம் குடிபோய்விட்டார்கள்.