நான்கு ஆட்டம், ஒரே ஒரு கோல்

என் பெரியண்ணனுக்கு, போன கார்த்திகை வரை ஏலக்காய்க் கிட்டங்கி டீமின் கோலில் நின்றவனுக்கு,

ஆடி பிறந்துவிட்டது. மலையிலிருந்து காற்று இறங்கிப் போடி முழுக்கப் புழுதியாக இருக்கிறது. காகிதத்தின் நான்கு மூலையிலும் கல் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நீ முதலில் கேட்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆட்டம் முடிந்துவிட்டது. கம்பத்தை இரண்டுக்குப் பூஜ்யம். தேவாரத்தை ஒன்றுக்குப் பூஜ்யம். சின்னமனூரோடு இரு பக்கமும் கோல் இல்லை. உத்தமபாளையத்தை மூன்றுக்கு ஒன்று. நான்கு ஆட்டத்திலும் சேர்த்து நம் கோலுக்குள் நுழைந்தது ஒரே ஒரு பந்து. நீ நின்ற காலத்தில்கூடத் தொடக்கம் இப்படி இருந்ததில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது.

கோலில் நிற்பது முத்தையா. நம் கடைசித் தம்பி முத்தையாதான்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. கருமாதி அன்று முதலாளி வந்தார். டீமின் வழக்கம் நீ அறிந்ததுதானே. ஆட்டக்காரன் செத்தாலும் கால் ஒடிந்து படுத்தாலும் அவன் இடம் அவன் வீட்டுக்கே. கிட்டங்கியில் காய் சலித்துத் தரம் பிரிக்கும் வேலையும் அந்த இடத்தோடு ஒட்டியது. வாரமெல்லாம் சலிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆட வேண்டும். வெளியாளைச் சேர்க்கமாட்டார்கள். ஊரில் எல்லோரும் இதைத் தயவு என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"அடுத்தவன் யாருப்பா?" என்று முதலாளி கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தானே அடுத்தவன்? "எனக்குப் பரீட்சை இருக்குங்க" என்றேன். பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது.

"நான் நிக்கிறேன் முதலாளி" என்று முத்தையா சொன்னான். மொட்டையடித்த தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. இருபது வயது. ஆத்தா உள்ளே இருந்தது. காதில் விழுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பரீட்சை எழுதினேன். தேறினேன். பி.ஏ. என்ற இரண்டு எழுத்தோடு ஊருக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஊர் சந்தோஷமாக இருக்கிறது. இரும்புக்கடை ஞானமுத்து அண்ணாச்சி கோயில் ஆராதனை முடிந்த கையோடு, வேதப் புத்தகம் கக்கத்தில் இருக்க, நேரே மைதானத்துக்கு வந்துவிடுகிறார். "இந்த வருசம் நம்மள அசைக்க ஒருத்தன் பொறந்து வரணும்" என்கிறார். நீ போனதும் டீம் போச்சு என்று தையில் அழுதவரும் அவர்தான்.

ஆனால் எண்கள் பொய் சொல்கின்றன அண்ணே. நீயாக இருந்தால் பார்த்த உடனே கண்டுபிடித்திருப்பாய். கோலுக்கு முன்னால் நின்று தடுக்க வேண்டிய நம் பேக்குகள் இரண்டு பேரும் சோம்பேறிகளாகிவிட்டார்கள். முன்பெல்லாம் எதிராளி பந்தோடு வந்தால் குறுக்கே பாய்வார்கள். இப்போது இரண்டடி ஓடிவிட்டு நிற்கிறார்கள். ஏன் பாய வேண்டும்? முத்தையா விழுவான். தேவாரம் ஆட்டத்தில் பிற்பாதி முழுக்கப் பந்து நம் பக்கமேதான் கிடந்தது. எதிர்க்காற்றில் நம் ஆட்கள் அடித்ததெல்லாம் திரும்பித் திரும்பி வந்தது. ஒன்பது தடவை எவனோ ஒருவன் தனியாக உள்ளே வந்தான். ஒன்பது தடவையும் முத்தையா ஓடிப்போய் அவன் காலடியில் விழுந்து பந்தைக் கட்டிக்கொண்டான். ஊர் ஒன்பது தடவை எழுந்து நின்று கத்தியது.

நான் உட்கார்ந்தே இருந்தேன்.

உத்தமபாளையத்தான் அந்த ஒரு கோலைத் தூரத்திலிருந்து அடித்தான். மேல் மூலையில் போனது. முத்தையாவுக்கு விழவே நேரமில்லை, நின்றபடியே பார்த்தான். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"ஏலே பி.ஏ.! கோலு நமக்குல்ல விழுந்துருக்கு. உன் மொகம் ஏண்டா மலருது?"

"இல்ல அண்ணாச்சி, வெயிலு."

"வெயிலா? மேகம் கவிஞ்சு கெடக்கு. மெட்ராஸுல போயி என்னத்தப் படிச்சானோ!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் யாருடைய ஆதரவாளன் அண்ணே? நம் டீம் ஜெயிக்க வேண்டும் என்று இந்த நெஞ்சு நினைக்கிறது. பந்து தூரத்திலிருந்தே உள்ளே போய்விட வேண்டும் என்றும் இதே நெஞ்சுதான் நினைக்கிறது.

ஆத்தா மைதானத்துக்கு வருவதில்லை. ஆட்டம் முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒன்றே ஒன்று கேட்கும்.

"எத்தன தடவ விழுந்தான்?"

ஜெயிச்சாகளா தோத்தாகளா என்று கேட்பதில்லை. தேவாரம் ஆட்டத்தன்று "நாலு" என்று சொன்னேன். ஆத்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது. "பொய் சொல்லாதடா" என்று சொல்லிவிட்டு உலைக்கு அரிசி களையப் போய்விட்டது. ஆடிச் சனிக்கிழமை தவறாமல் குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயிலுக்கு வண்டி கட்டிப் போய் எள்விளக்குப் போடுகிறது. நாளையும் போகும்.

இனி உனக்கு எழுத வேண்டியதை எழுதிவிட வேண்டும். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

அந்த விழுகையை உனக்கு அனுப்பியவன் நான்.

மெட்ராஸில் முதல் வருஷம். பட்டாளத்து வெள்ளைக்காரர்கள் ஆடிய ஆட்டம் ஒன்றைப் பார்த்தேன். அவர்களுடைய கோல்கீப்பர் கோலில் நிற்கவில்லை. பந்தோடு வருகிறவனை நோக்கி ஓடினான், அவன் காலடியில் விழுந்தான், பந்தோடு எழுந்தான். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு அழகு. உனக்கு நான்கு பக்கம் எழுதினேன், படம் வேறு போட்டிருந்தேன். "தம்பி எழுதுன மாதிரியே செஞ்சு பாத்தேன், ஊரே வாயப் பொளந்துச்சு" என்று நீ பதில் எழுதியிருந்தாய்.

மூன்று வருஷம் அப்படி விழுந்தாய். கையையும் முகத்தையும் முன்னே நீட்டி, நீச்சலுக்குக் குதிப்பவன் போல. போன கார்த்திகையில் தேனி மில் டீமோடு கடைசி ஆட்டம். அவர்களுடைய இடதுபக்கத்து ஆளின் முழங்கால் உன் வயிற்றில் இறங்கியது. அவர் மேல் குற்றமில்லை, பந்துக்குத்தான் வந்தார். நீ எழுந்தாய். ஆடினாய். ஜெயித்தீர்கள். நடந்தே வீட்டுக்கு வந்து கம்பங்கூழ் குடித்தாய். மூன்றாம் நாள் நீ இல்லை.

டாக்டர் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "குளிர்காய்ச்சல் வந்து வந்து மண்ணீரல் வீங்கியிருக்குப்பா. இந்தப் பள்ளத்தாக்குல பாதிப் பேருக்கு அப்படித்தான். மத்தவனுக்கு வலிச்சிட்டுப் போற அடி, இவனுக்கு உள்ள கிழிச்சிருச்சு."

நான் அந்தக் கடிதத்தை எழுதும்போது ஒரு வெள்ளைக்காரனின் உடம்பைப் பார்த்து எழுதினேன். உன் உடம்பு என் கண் முன்னால் இல்லை.

சித்திரையில் முத்தையாவுக்கும் குளிர்காய்ச்சல் வந்தது. எஸ்டேட்டிலிருந்து மூட்டை இறக்க மலையேறியவர்களில் அவனும் ஒருவன். கொய்னா மருந்து குடித்துப் பத்து நாளில் எழுந்துவிட்டான். ஒரு மத்தியானம் அவன் அயர்ந்து தூங்கும்போது வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். கெட்டியாக இருந்ததா? சாதாரணமாக இருந்ததா? நான் படித்தது தத்துவம். எனக்கு என்ன தெரியும்?

கண்ணைத் திறந்துவிட்டான். "என்னண்ணே, ஆடு வாங்க வந்தவரு மாதிரி தடவிப் பாக்குற?"

நாளை மறுநாள் தேனி மில் டீம் ரயிலேறி வருகிறது. அதே இடதுபக்கத்து ஆள் வருகிறார். உன் காரியத்தன்று நம் வாசலுக்குள் வராமல் தெருவிலேயே நின்று அழுதவர். அவர் இந்த வருஷம் இன்னும் வேகம் என்று அண்ணாச்சி சொல்கிறார். ஏதோ நல்ல செய்தி போல, கண்ணெல்லாம் ஒளியாகச் சொல்கிறார்.

நேற்று வியாழக்கிழமை. சாயங்காலப் பயிற்சி முடிந்து மற்றவர்கள் போன பிறகு, ஆற்றோரத் தரிசில் முத்தையாவும் நானும் மட்டும் நின்றோம்.

"அந்த எடம் மொதல்ல எனக்குத்தான் வந்துச்சு" என்றேன். "திருப்பிக் குடு."

புரியாமல் பார்த்தான். புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நீ நின்னா கோலு எதுக்குண்ணே? வாசக்கதவத் தெறந்து போட்டாப் போதும், எல்லாரும் வந்துட்டுப் போகலாம்."

"வழக்கம் வழக்கந்தான். மூத்தவன் கேட்டா முதலாளி மறுக்க முடியாது."

சிரிப்பு நின்றது. "நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தான்."

"சரி. அங்கன போயி நில்லு. நான் பந்தோட வாரேன். விழுந்து எடு. எடுத்துட்டீன்னா இப்பவே கிட்டங்கிக்குப் போயி நானே சொல்லிப்புடுறேன்."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைக்குள் சுற்றி ஓரமாக வைத்தேன். அவன் இருபது கஜத்திலிருந்து வந்தான். கண்ணாடி இல்லாமல் முகம் தெரியவில்லை. காலடிச் சத்தம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. உன்னை நினைத்தேன். நீச்சலுக்குக் குதிப்பவன் போல என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஓடினேன்.

அண்ணே, என்னால் முடியவில்லை. கடைசி நொடியில் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. கண் மூடிக்கொண்டது. தோள் திரும்பியது. முழங்கால் தானாக வயிற்றுக்கு ஏறியது. பக்கவாட்டில், சுருண்டு, ஒரு கோழையைப் போல விழுந்தேன். அவன் கால் என் தொடையில் மோதி அவனே உருண்டான். பந்து என் இடுப்பில் பட்டு எங்கோ போயிற்று.

"மரவட்ட மாதிரி சுருண்டுட்டியே!" என்று மண்ணில் கிடந்தபடியே சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். நான் இன்னும் சுருண்டுதான் கிடந்தேன்.

"வயித்துல படல" என்றான்.

"இல்ல."

"பந்தும் உள்ள போகல."

"ம்."

"இன்னொரு தடவ விழு."

ஆறு தடவை விழுந்தேன். பழகப் பழகப் பயம் போய்விடும் என்பது பொய். ஆறாவது தடவையும் அதே பயம், அதே சுருளல். தொடை முழுக்க நீலம் பாய்ந்திருக்கிறது. வயிற்றில் ஒரு அடி இல்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. அந்தப் பட்டாளத்துக்காரனும் இப்படித்தான் விழுந்திருக்க வேண்டும். தோளைத் திருப்பி, முழங்காலை ஏற்றி. அவனும் பயந்திருக்க வேண்டும். நான் தூரத்தில், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அழகை மட்டும் பார்த்தேன். நான்கு பக்கம் எழுதினேன். அவனுடைய பயத்தை ஒரு வரிகூட எழுதவில்லை. அப்படித்தானா? உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு வேண்டியதை இப்போது அவன்மேல் ஏற்றுகிறேனோ? இனி யாரிடம் கேட்பது?

முத்தையாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தை. டாக்டர் சொன்னதை. கருமாதியன்று நான் சொன்ன பொய்யை. அவன் மண்ணைக் கிளறிக்கொண்டே கேட்டான். எழுந்து போய்க் கோலில் நின்றான். "நீ பந்தோட வா" என்றான்.

முதல் இரண்டு தடவை உன்னைப் போலவே விழுந்தான். மூன்றாவது தடவை முழங்கால் ஏறியது. நான்காவதில் தோளும் திரும்பியது.

"கை கொஞ்சம் பிந்துதுண்ணே. இப்பிடி விழுந்தா ரெண்டு மூணு கோலு போகும்."

"போகட்டும்."

"நீ எந்தக் கட்சிண்ணே?" என்று கேட்டான். அண்ணாச்சியைப் போலக் கேலியாக இல்லை. பதில் வேண்டும் என்று கேட்டான்.

"நீ வீட்டுக்கு வரணும்ங்குற கட்சி."

குனிந்து பந்தை எடுத்துக்கொண்டான். வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில் சொன்னான்.

"இங்கன சரி. அங்கன ஊரு கத்தும்போது எனக்குப் பயமே வர மாட்டேங்குதுண்ணே. அவன் வாரது தெரியுது, பந்து தெரியுது, வேற ஒண்ணும் தெரியல. பழைய மாதிரியே விழுந்துருவேன்."

அவன் சொன்னது உண்மை. அதனால்தான் இன்று காலையிலேயே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒரு சாயங்காலத்தில் உடம்பு கற்றுக்கொண்டது ஞாயிற்றுக்கிழமை வரை தங்குமா? நீ மூன்று வருஷம் விழுந்ததை அவன் மூன்று வருஷம் பார்த்து வளர்ந்தவன். நான் ஆறு தடவை விழுந்தது அதற்கு முன்னால் நிற்குமா?

நிற்கும் என்று எழுத ஆசை. எனக்குத் தெரியாது அண்ணே.

ஒன்று மட்டும் செய்ய முடியும். ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி பக்கத்தில் உட்காரமாட்டேன். கோல் கம்பத்துக்குப் பின்னால், முத்தையாவின் முதுகுக்கு நேரே நிற்பேன். இடைவேளைக்குப் பின் அவன் பக்கம் மாறியதும் நானும் ஓடி அந்தப் பக்கம் போவேன். தேனிக்காரர் பந்தோடு தனியாக உள்ளே வரும்போது ஊரெல்லாம் "விழு, விழு" என்று கத்தும். நான் அதற்கு மேலே கத்துவேன்: "பயப்படுடா முத்தையா!" ஒவ்வொரு தடவையும் கத்துவேன். தொண்டை கிழியும் வரை கத்துவேன். மைதானமே என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். கோல் போனால் போகட்டும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அடுத்தவனாக நிற்க வேண்டிய நாளில் நிற்காமல் போன,
உன் நடுத்தம்பி