கொஞ்சமாக் குடிக்கிற கன்று

குழித்துறை
மே 11

அன்பு மகள் ரெஜிஷாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால இங்க நானும் அப்பாவும் நர்சரியில நிக்கிற கன்றுகளும் சுகம், அங்க ஸ்பெயினுல நீயும் உனக்க பைன் மரங்களும் சுகமா இருக்கணும்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கேன். போன்ல சொல்லியிருக்கலாம், ஆனா ரெண்டு வார்த்தைக்குள்ள சரிம்மா சரிம்மான்னு வச்சிருவ, இது நீ இருந்து முழுசா வாசிக்க வேண்டிய விஷயம். அப்பாவுக்க முட்டுவலி கொஞ்சம் குறைஞ்சிருக்கு, உனக்க தம்பி அபின் ஆகஸ்டுல துபாய்ல இருந்து லீவுக்கு வாறானாம், நீயும் அந்த சமயம் பாத்து வந்தா நல்லது. போன மாசம் நீ பேசினதுல இருந்து எனக்கு ஒரே யோசனை. நாலு வருஷமா பைன் மரத்துக்க ஊசி இலையை நோண்டி யாருக்கும்மா பிரயோஜனம், எல்லாத்தையும் விட்டுட்டு கம்ப்யூட்டர் வேலைக்குப் போறேன்னு சொன்னியே, போகாதன்னு நான் சொல்ல மாட்டேன், படிச்ச பிள்ளை, முடிவு உனக்குள்ளது. ஆனா யாருக்குப் பிரயோஜனம்னு கேட்டது தப்பு மக்களே, அதுக்குப் பதில் என்கிட்ட இருக்கு.

ரெண்டு வருஷம் முன்னால நீ லீவுக்கு வந்தப்ப அடுக்களையில பலாச்சக்கை வெட்டிக்கிட்டே சொன்னியே, ஞாபகம் உண்டா? ஒரே பைன் மரம்தான், ஆனா அஞ்சு ஊர்ல இருந்து விதை எடுத்து ஒரே வயல்ல நட்டா அஞ்சுக்கும் தாகம் அஞ்சு விதம்னு. இலை காத்தை உள்ள எடுக்கணும்னா சின்ன வாயைத் திறக்கணும், திறந்தா தண்ணி வெளிய போயிரும், சில மரம் வாயை சீக்கிரம் மூடி சிக்கனமா வளரும், சில மரம் வாரிக் குடிச்சு வேகமா வளரும், ஒரு லிட்டர் தண்ணிக்கு எவ்வளவு தடி வைக்குதுன்னுதான் நாங்க கணக்கெடுக்கோம்னு சொன்ன. நீ விமானம் ஏறினதும் எனக்கு அதுதான் மண்டையில நின்னுது. பைனுக்கு உண்டுன்னா சக்கை காய்க்கிற பிலாவுக்கு இருக்காதா? நம்ம ஆத்தங்கரை பிலாவுல இருந்து முளைக்கப் போட குரு, கொட்டை, எடுத்தேன், ஆரல்வாய்மொழி பக்கம் பாறைச் சரிவுல யாரும் ஒரு செம்பு வெள்ளம் ஊத்தாம நிக்குதே கிழட்டுப் பிலா, அதுலயும் எடுத்தேன், ரெண்டையும் ஒரே மண்ணுல ஒரே அளவு பையில முளைக்க வச்சு, அதுல பத்துப் பத்து கன்றுக்கு பை வாயை பிளாஸ்டிக் தாளால கட்டி, மூணு மாசம் தினம் காலையில தராசுல வச்சு, குறைஞ்ச அளவு தண்ணியை மட்டும் ஊத்தி நோட்டுல குறிச்சேன். அப்பா பாத்துட்டு, கன்றுக்கும் அங்கன்வாடி பிள்ளைக்கு மாதிரி எடை பாக்கியான்னு சிரிச்சாவ. கடைசியில பிடுங்கி ரப்பர் சீட்டு உலத்துத புகைப்புரையில காய வச்சு நிறுத்தேன். ஆத்தங்கரைக் கன்று உயரம்தான், ஆனா லிட்டர் தண்ணிக்கு மூணு கிராம் காஞ்ச எடை வச்சிருக்கு, பாறைக் கன்று குட்டை, லிட்டருக்கு நாலரை. அன்னைக்கே உனக்குச் சொல்லியிருக்கணும், நீ சிரிப்பியோன்னு விட்டுட்டேன்.

இதுக்கு இடையில பத்மகுமார்னு ஒருத்தர் வந்தாரு, பேங்குல இருந்து ரிட்டயர் ஆகி தோவாளைக்கு அந்தப்பக்கம் கரண்டு காத்தாடி சுத்துத பூமியில நாலு ஏக்கர் வாங்கினவரு. ரெண்டு தடவை பிலா நட்டு ரெண்டு தடவையும் கருகிப்போச்சு, இதுவும் போனா நிலத்தையே வித்திருவேன்னு சொன்னாரு. உயரமா நின்ன கன்றைத்தான் கை காட்டினாரு. நான் குட்டைக் கன்றைக் கொண்டுபோங்கன்னேன். அம்மா, வளராத கன்றை என் தலையில கட்டப் பாக்கீங்களான்னு கேட்டுட்டாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. எனக்க மோள் மரத்துக்க தாகத்தை அளக்கத படிப்பு படிக்காள், நான் அளந்து பாத்துத்தான் சொல்லுதேன்னு நோட்டை எடுத்துப் போட்டேன். அப்பாவும் அவரு பக்கம்தான், வாங்க வாறவரு கேக்கதைக் குடுக்காம நீ எதுக்கு கிளாஸ் எடுக்கன்னு சொன்னாவ. நான் விடல. எரநூறு உயரம் எரநூறு குட்டை, ஒண்ணு விட்டு ஒண்ணு நடுங்க, நானே வந்து பாக்கேன்னு சொல்லித்தான் அனுப்பினேன்.

போன ஜூன்ல நட்டாரு. இந்த மார்ச்சுல அவருக்க போர்வெல் வத்திப்போச்சு, லாரித் தண்ணியும் கிடைக்கல, அஞ்சு வாரம் ஒரு சொட்டு கிடையாது. வடசேரியில பஸ் மாறி நான் போய் இறங்கினப்ப அந்தக் காத்துல நிக்க முடியல, முகமெல்லாம் மணல். நானும் பத்மகுமாரும் வரிசை வரிசையா எண்ணினோம். குட்டையில நூத்தி அறுபத்தி மூணு உயிரோட நிக்குது, உயரத்துல அம்பத்தி எட்டு. அவரு ஒரு குட்டைக் கன்றுக்குப் பக்கத்துல குத்த வச்சு இலையைத் தொட்டுத் தொட்டுப் பாத்தாரு, பிறகு என்னைப் பாத்து, மன்னிக்கணும் அம்மா, அன்னைக்கு வாய் தவறிட்டுன்னாரு. எனக்கு அழுகை வந்துச்சு, வெயில்னு சொல்லி முந்தியால துடைச்சேன்.

இனிதான் நீ கவனமா வாசிக்கணும். தப்பின அந்த உயரக் கன்று அம்பத்தி எட்டும் சிதறி நிக்கல, முக்காவாசி தெக்கு மூலையில ஒண்ணாத்தான் நிக்குது. ஏன்னு பாக்க அங்க அஞ்சாறு கன்றுக்குப் பக்கத்துல தோண்டச் சொன்னேன். பாறை வெடிப்புக்குள்ள ஆணிவேர் என் கைநீளத்துக்கும் மேல இறங்கி, அடியில ஈரமண்ணு. வாரிக் குடிக்கிறதுதான், ஆனா குடிக்க இடம் கண்டுபிடிச்சிருக்கு. உனக்க ஒரு பைன் கூட்டம், வறண்ட மலையில இருந்து வந்ததுதான், ஆனாலும் சிக்கனமே இல்லாம குடிக்குது, அதனால என் கணக்கே குழம்பிப்போச்சு, கைடு இதை விட்டுரச் சொல்லுதாருன்னு அழுதியே, அதுக்க வேரை யாராவது தோண்டிப் பாத்தீங்களா? நான் அஞ்சாறு கன்றைத்தான் பாத்தேன், அதை வச்சு பைனுக்கும் இப்படித்தான்னு சாதிக்க மாட்டேன், ஆனா தோண்டாம விட்டுராத. அதோட ஒண்ணு மறைக்கக்கூடாது, நம்ம ஆத்தங்கரையில ரெண்டு எனத்தையும் நட்டேன், இங்க உயரக் கன்று எனக்க தோளுக்கு வந்தாச்சு, குட்டை இன்னும் இடுப்புக்கு வரல. அதனால எது ஒசத்தின்னு கேட்டா, எங்க நடப்போறன்னு திருப்பிக் கேக்கணும்னு எனக்கு இப்பத் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிருல தலை நனைய நிக்காத, ஞாயித்துக்கிழமை ஆராதனையை விடாத. கடவாய்ப் பல்லை இந்த வாரமே டாக்டர்ட்ட காட்டு, தள்ளிப் போடாத. அப்பா உனக்குத் தனியா ஒண்ணும் எழுதமாட்டாவளாம், ஆனா போன வாரம் சபை வாசல்ல நின்னு நாலுபேர்ட்ட உனக்க படிப்பைப் பத்தி விளக்கிட்டிருந்தாவ, பாதி தப்பு, நான் திருத்தல.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஒரு காரியம் மறந்திராத. பத்மகுமார் இந்த வருஷம் அறுநூறு கன்று கேட்டிருக்காரு, நிலம் பாதி பாறைமேடு, பாதி பள்ளம். எந்த மரத்துக் குரு எங்கன்னு எனக்கு ஒரு நினைப்பு உண்டு, ஆனாலும் படிச்சவ வாயால கேக்கணும். சக்கை பழுக்க மூணு வாரம்தான் இருக்கு, குரு காஞ்சா முளைக்காது. சீக்கிரம் எழுது.

உன் பதிலுக்குப் பையில மண்ணு நிறைச்சு வச்சிருக்கும்
அம்மா நேசம்மாள்