மாடி அறையைக் காலி செய்யச் சொன்ன பிறகு

திருப்பதி,
கார்த்திகை, வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி ஹரிபிரசாத்துக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. அந்தக் குளிர் தேசத்தில் நீயும் நீரஜாவும் குழந்தை ஸுப்ரஜாவும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் அப்படியே இருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை, கை வரவில்லை. போனில் நீ கேட்கும்போதெல்லாம் நைனா நன்றாக இருக்கிறார் என்றே சொல்லி வந்தேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வேறு என்ன சொல்வது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. உன் நைனா வாய் திறந்து பேசி இன்றோடு மூன்று மாதம் ஆகிவிட்டது.

போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை காலும் பேச்சும் போனபோது நீ ஓடி வந்து மூன்று வாரம் இருந்தாய். பேச்சு திரும்பும், ஆனால் அவர் முயற்சி செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ போன பிறகு அவர் முயற்சியே செய்யவில்லை. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக ஊர்ப் பெயரைக் கத்திக் கூப்பிட்ட மனுஷர், குழறுகிற வாயை அடுத்தவருக்குக் காட்ட வெட்கப்பட்டார். அப்போதுதான் கன்னிகா மாடி அறைக்கு வாடகைக்கு வந்தாள், குப்பம் ஊர்ப் பெண், ஒரு வருஷ லேப் படிப்புக்காக வந்தவள். முதல் தடவை ஊருக்குக் கிளம்பும்போது, "ஆயா, புத்தூர் பஸ் ஏறினா குப்பம் போய்டலாமா?" என்று கேட்டாள். புத்தூர் வேறு பக்கம், அடுப்படியில் இருந்த நான் சரியாகக் காதில் வாங்காமல் போகலாம் போகலாம் என்றேன். ஹாலில் உட்கார்ந்திருந்த உன் நைனா முகமெல்லாம் சிவந்து, "சி... சித்தூர்!" என்று கத்தினார். ஐந்து மாதத்தில் அதுதான் முதல் வார்த்தை. நான் கரண்டியோடு நின்று அழுதேன். அவளோ, "சித்தூர் உட்டா அடுத்து எந்த ஊரு தாத்தா?" என்று அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். பலமநேர் என்று சொல்லி முடிக்க அவருக்கு எவ்வளவோ நேரம் ஆயிற்று. பஸ் போனாலும் போகட்டும் என்று அவள் அசையவே இல்லை.

அதற்கப்புறம் வகுப்பு விட்டு வந்தால் அவரோடுதான். வைத்தியம் என்று ஒன்றும் செய்யவில்லை ஹரி. "அந்த மெஸ் சோத்த மனுசன் துன்ன முடியாது தாத்தா" என்று ஆரம்பிப்பாள், நடுவில் இவர் ஏதாவது பதில் சொன்னால்தான் மேலே போவாள். ஒரு பேப்பரில் ஃபெயில் ஆனதை வீட்டுக்கு மறைத்துவிட்டு இவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். "தாத்தா யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு, சொல்லவும் வராது" என்று அவளே சிரித்தாள், இவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மறுபடி பரீட்சை வரும்வரை அவள் படிக்கும்போது கண் சொக்கினால் இடது கையால் தட்டி எழுப்புவார். பாஸ் ஆனாள். இவரும் தடி இல்லாமல் தெருமுனை வரை நடந்தார். யாரால் யாருக்கு நல்லது நடந்தது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

நீ ஹாலில் மாட்டிய காமிராவில் அவள் இவருக்குச் சோறு ஊட்டுவதைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாய். "முன்ன பின்ன தெரியாத பொண்ண வூட்டுக்குள்ள உட்டுக்கினு கீறியே, நாளிக்கி ஏதாவது ஆனா யாரும்மா பதில் சொல்றது, காலி பண்ணச் சொல்லு, நான் ஏஜென்சில ஆள் போடறேன்" என்றாய். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குப் பயம் இருக்காதா, உன்னைத் தப்பு சொல்லவில்லை. முடியாது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணமும் எழுதிவிடுகிறேன். அவளிடம் பேசுகிறவர் என்னிடம் பேசவில்லையே என்று எனக்கும் உள்ளே எரிச்சல் இருந்தது. உறவுக்காரர்கள் தங்க வருகிறார்கள், அறை வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். மாடிப்படி ஏறப்போனவள் திரும்பி, "தாத்தாவும் போகச் சொன்னாரா ஆயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மதியம் அவர் தூங்கும்போது பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எழுந்து தேடியவரிடம், சொல்லாமல் கொள்ளாமல் அவளே கிளம்பிவிட்டாள் என்றேன். நாலு நாள் சாயங்காலம் கேட் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லிக் கை காட்டினார். ஐந்தாம் நாள் காட்டவில்லை. அன்றோடு பேச்சும் நின்றது.

ஏஜென்சி ஆள் நல்லவர்தான். குளிப்பாட்டுகிறார், மாத்திரை தவறுவதில்லை, கையைக் காலை மடக்கி நீட்டுகிறார். உன் நைனா மரக்கட்டை மாதிரிக் கிடக்கிறார். இரண்டாம் தடவை நின்ற பேச்சு திரும்புவது கஷ்டம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். மனசு கேட்காமல் கன்னிகா படித்த இடத்தில் போய் விசாரித்தேன், படிப்பு முடிந்து பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். நம்பர் வாங்கிப் பேசி நடந்ததை முழுக்கச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "தாத்தாகிட்ட நீங்களே சொல்லிடுங்க ஆயா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஸுப்ரஜாவை லீவுக்கு இங்கே கூட்டி வா. அவள் வந்தால் அவர் பேசுவார் என்று எழுதவில்லை, அந்த நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. போனில் கை காட்டிவிட்டு ஓடுகிற குழந்தை ஒரு மாதமாவது அவர் மடியில் ஏறி இறங்கட்டும், தனக்கும் ஒரு தாத்தா இருந்தார் என்று அவளுக்குத் தெரியட்டும். கன்னிகாவை நான்தான் போகச் சொன்னேன் என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை. தினமும் எதிரே போய் உட்காருகிறேன். இன்று காலையும் ஆரம்பித்தேன், அவர் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தார், காபி ஆறுகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். குழந்தையைக் காதை மூடாமல் பனியில் அனுப்பாதே, இருமல் வந்தால் சீக்கிரம் போகாது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் போனில் இதைப் பற்றிப் பேசாதே, அவர் பக்கத்தில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
சுலோசனா தணிகாசலம்