பத்தொன்பதாம் நாள் படம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், மனசளவில் எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன், நீயும் மருமகளும் இரண்டிலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். ஃபோன் இருக்க இந்த மனுஷன் ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஃபோனில் எதைத் தட்டினாலும் நாலு பேரும் படிக்கிற குழுவில் போய் விழுகிறது, அதில் ஏற்கெனவே சூடு பட்டுவிட்டேன். அதற்கு முன்னால் என் மானம் போன கதையைக் கேள். நீங்கள் இருவர் அங்கேயும் நாங்கள் இருவர் இங்கேயும் தினம் ஒரு சொல்லுக்குப் படம் வரைய வேண்டும் என்று மருமகள் ஏற்பாடு செய்தாளே, அதற்கு நோட்டு வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பேரனுக்கா சார் என்றார். அறுபத்து மூன்று வயதில் எனக்குத்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை, ஆமாம் என்றேன். எத்தனாவது படிக்கிறான் என்றார், மூன்றாவது என்றேன். உடனே நட்சத்திர ஸ்டிக்கர் ஒரு தாள் இலவசமாகக் கொடுத்து, திட்டாதீங்க சார், பையன் தானா வருவான் என்றார். இப்போது ரப்பர் வாங்கப் போனாலும் பையன் எப்படி வரையறான் என்று விசாரிக்கிறார். ஆர்வம் இருக்கு, கைதான் வரலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் பிறக்காதவனை மூன்றாம் வகுப்புவரை கொண்டுவந்துவிட்டேன். உங்களை அவசரப்படுத்தவில்லை, ஆனால் பிறந்தால் அவன் கொஞ்சம் வேகமாக வளர வேண்டியிருக்கும்.

கை வரவில்லை என்றது பொய்யில்லை. சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, நடுவில் ஒரு சட்டைப் பெட்டியை மறைப்பாக நிறுத்திவைத்து, சமையலறைக் கடிகாரத்தில் இருபது நிமிஷம் வைத்துவிட்டு வரைவோம். மணி அடித்ததும் நோட்டை மாற்றிக்கொள்வோம். எனக்கு ஸ்கேல் இல்லாமல் கோடு போகாது, எதை வரைந்தாலும் தகர டப்பா மாதிரி வந்து நிற்கும். நான் வரைந்த பூனையைப் பார்த்து மருமகள், ஸ்டூல் நல்லா வந்திருக்கு மாமா என்று எழுதியது உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அம்மா அப்படி இல்லை. ஒரு பொருளை ஒரு தடவை பார்ப்பாள், பிறகு குனிந்த தலை நிமிராது. முதல் நாள் அவள் வரைந்த சாவியைக் கையை நீட்டி எடுக்கலாம்போல் இருந்தது. இத்தனை வருஷம் இந்தக் கையை எங்கேடி வைத்திருந்தாய் என்றேன், உங்க துணியில, உங்க பாத்திரத்துல என்றாள். நான் சிரித்தேன். அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டதுதான் என் மண்டை.

பத்தொன்பதாம் நாள் மருமகள் அனுப்பிய சொல் ‘அருவருப்பு’. எனக்கு ஒரே குஷி. என் தொழிலே அதுதானே. பிஸ்கட் கம்பெனி வாசலில் முப்பத்தோரு வருஷம் நின்று உள்ளே போகிறவர்களின் விரல்களை விரிக்கச் சொல்லிப் பார்த்தவன், அங்கே என் பெயரே ‘நகம்’, நகம் வருதுடா என்றால் ஆளுக்கு ஆள் கையைப் பையில் விட்டுக்கொள்வார்கள். மாவுத் தொட்டியில் ஒரு தடவை யாரோ புண்ணுக்கு ஒட்டியிருந்த பிளாஸ்திரி மிதந்தது. அதை இடுக்கியால் எடுத்தபோது அதன் உள்பக்கம் இன்னும் மஞ்சளாக ஈரமாக இருந்தது, அன்று முழுத் தொட்டியையும் கொட்டச் சொன்னேன், ஒரு வாரம் பிஸ்கட்டைக் கையால் தொடவில்லை. அப்பேர்ப்பட்ட அனுபவஸ்தன் பாத்திரம் கழுவுகிற தொட்டியின் ஓட்டையிலிருந்து வெளியே வருகிற கரப்பான்பூச்சியை வரைந்தேன். கால்களை எண்ணினால் பதினொன்று இருந்தது, அது வேறு விஷயம்.

மணி அடித்தது, நோட்டை மாற்றினோம். அவள் வரைந்திருந்தது ஒரு தட்டு. நீ அதை ஃபோனில் தீப்பெட்டி அளவில்தான் பார்த்தாய், நான் முழுத்தாளில் பார்த்தேன். தின்று முடித்த தட்டு, அதிலேயே கை கழுவியிருக்கிறது. கலங்கல் தண்ணீரில் எண்ணெய் வட்டம் வட்டமாக நிற்கிறது. மென்று துப்பிய சக்கை தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொன்றிலும் பல் பதிந்த தடம். மீன் முள் ஒன்றில் சதை நூலாகத் தொங்குகிறது. கை துடைத்த காகிதம் ஊறி, உப்பி, பாதி முங்கிக் கிடக்கிறது. அதற்கெல்லாம் மேலே ஒரு பழத்தோல், அதில் பல்குத்தியை இரண்டாக உடைத்துக் கொடி நட்டமாதிரி குத்தியிருக்கிறது. வெறும் பென்சில்தான், ஆனால் வாடை வந்தது என்றால் நம்பு. சீ, எந்த ஜென்மம் தின்ன தட்டுடி இது, இவனை எல்லாம் எங்க கம்பெனி கேட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டேன் என்றேன். அம்மா, அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள். அந்தப் படத்தை ஃபோனில் பிடித்து, நான் சொன்ன அதே வசனத்தையும் கீழே தட்டி, குழுவில் போட்டது நான்தான். நீ வாந்தி எடுக்கிற முகமாக ஆறேழு அனுப்பினாய். மருமகள், யாரோட தட்டு அத்தை என்று கேட்டாள். அம்மா அதைப் படித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

அன்று மத்தியானம் சாப்பிட்டேன், கை கழுவினேன், எழுந்தேன். எழுந்தவன் குனிந்து பார்த்தேன். தட்டில் தண்ணீர், எண்ணெய் வட்டம், சக்கை வரிசை, காகிதம். பழத்தோலில் பல்குத்தி நிற்கிறது, இரண்டாக உடைந்து. நான் எப்போது உடைத்தேன், எப்போது குத்தினேன் என்றே தெரியவில்லை, கை தன்பாட்டுக்குச் செய்திருக்கிறது. பிளாஸ்திரியைப் பார்த்தபோது வந்த அதே குமட்டல் வந்தது, அன்று தொட்டியைக் கொட்டச் சொன்னேன், இன்று எதைக் கொட்டச் சொல்வது? அதற்குள் அம்மா வந்து வழக்கம்போல் தட்டைத் தூக்கினாள். தூக்கும்போது அவள் கட்டை விரல் அந்தத் தண்ணீருக்குள் முங்கியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தட்டை மறுபக்கம் பிடித்துக்கொண்டேன். விடுங்க, கொட்டிடும் என்றாள். நான் கழுவறேன் என்றேன். அவள் ஒரு இழு, நான் ஒரு இழு, கடைசியில் பாதித் தண்ணீர் அவள் புடவையிலும் பாதி என் வேட்டியிலும். இரண்டு கிழங்கள் ஒரு எச்சில் தட்டுக்கு மல்லுக்கட்டியதை நீ பார்த்திருக்க வேண்டும்.

நேரா சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சொன்னேன், கல்யாணமான புதுசுல என்றாள். கம்பெனியில நாள் பூரா ஊர் அழுக்கைப் பாக்கறேன், வீட்ல ஒரு தட்டாவது என் இஷ்டத்துக்கு இருக்கட்டுமேன்னு சிரிச்சீங்க, நானும் கூடச் சேர்ந்து சிரிச்சுத் தொலைச்சேன், அப்புறம் எந்த மூஞ்சியோட திரும்பச் சொல்றது என்றாள். எனக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை, ஆனால் நான் சொல்லக்கூடியவன்தான். பிறகு சொன்னாள், நீங்க ஒருத்தர் பாக்கணும்னு வரைஞ்சேன், அதைத் தூக்கி ஊருக்குக் காட்டிட்டீங்க, இனிமே எனக்கு வேண்டாம் இந்தப் படமும் மண்ணும் என்று. ஈரப் புடவையோடு போய் நோட்டை அலமாரிக்கு மேலே எறிந்துவிட்டாள். ஆகையால் அம்மாவுக்குக் கை வலி என்று நான் குழுவில் எழுதியது பச்சைப் பொய். கடைக்காரருக்கு ஒரு பொய், உங்களுக்கு ஒரு பொய், இந்த வயதில் அதுதான் எனக்குச் சுலபமாக வரைய வருகிறது.

நாலு நாள் தனியாக உட்கார்ந்தேன். எதிரே ஆள் இல்லாமல் சட்டைப் பெட்டியை நிறுத்திவைக்க எனக்கே கேவலமாக இருந்தது. என் தட்டை நானே கழுவத் தொடங்கினேன். சக்கையை விரலால் வழித்துக் குப்பையில் போடும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன், சொந்த எச்சில்தான், அப்படியும் அடிவயிற்றிலிருந்து ஓங்கரிக்கிறது. நான் கழுவியதை அம்மா எடுத்து மறுபடி கழுவினாள். கம்பெனியில் நான் ஆட்களை வரிசையிலிருந்து திருப்பி அனுப்பும்போது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொண்டேன். நேற்று அவள் மறுபடி கழுவவில்லை, விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு அடுக்கில் வைத்தாள். இன்று காலை, என்ன சொல்லு வந்திருக்கு என்று கேட்டாள். குடை என்றேன். குடை சுலபம், உங்களுக்குக்கூட வரும் என்று சொல்லிவிட்டு ஸ்டூலைப் போட்டு ஏறி நோட்டை எடுத்தாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூனையைப் பிடிச்சுக்குங்க, விழுந்துடப் போறேன் என்றாள். பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இதை உனக்கு எழுதக் காரணம் இருக்கிறது. சின்ன வயதில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன். நான் துப்பினால் நீயும் துப்புவாய், நான் தட்டில் கை கழுவினால் நீயும் கழுவுவாய், அப்பனை உரித்து வைத்திருக்கிறான் என்று நான் பூரித்துப்போவேன். இன்று சாப்பிட்டு எழுந்ததும் ஒரு நிமிஷம் நின்று, குனிந்து பார். மருமகள் நன்றாக வரைகிறாள், மறந்துவிடாதே. குழுவில் இருக்கும் அந்தப் படத்தை எல்லோர் ஃபோனிலிருந்தும் எப்படி அழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, நீதான் அழிக்க வேண்டும். அம்மாவிடம் இதைப் பற்றி எதுவும் கேட்காதே, குடையை மட்டும் பாராட்டு. கடைக்காரருக்குப் பேரனின் படம் ஒன்றைக் காட்ட வேண்டியிருக்கிறது, என்னுடையதையே காட்டலாம், சந்தேகம் வராது. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா

பி.கு. கையெழுத்துப் போட்ட பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அவள் வரைந்த தட்டுக்குப் பதிலாக அவள் சாப்பிட்ட தட்டை நான் வரைந்து கொடுக்கலாம் என்று அந்த நாலு நாளில் ஒரு நாள் பென்சிலை எடுத்தேன். இருபது நிமிஷமும் ஓடி மணி அடித்துவிட்டது, தாளில் ஒரு வட்டத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. அவள் எனக்குப் பரிமாறிவிட்டு அப்புறம் அடுப்படியில் சாப்பிடுகிறவள், என்ன மிச்சம் வைப்பாள், எப்படி எழுவாள், நான் பார்த்ததில்லை. இன்று படம் முடிந்து, அவள் பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கும்போது, வீட்டிலுள்ள நாலு தட்டுகளையும் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன். வாய்வரைக்கும் வந்தது, கேட்கவில்லை: இதில் உன் தட்டு எது?