தோலுள்ள பழமும் மூடியுள்ள சோடாவும்

சேசு மரியே சூசையே துணை

குருநகர்,
யாழ்ப்பாணம்.
18-11-1966

மதிப்புக்குரிய டாக்டர் சோமசேகரம் ஐயா அவர்களுக்கு,

இன்னாசித்தம்பியின் மனைவி செபஸ்தியம்மா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்கள் பதுளைக்கு மாறிப் போன பிறகு தடிமன் காய்ச்சலுக்கும் ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கு. மற்றும்படி கடவுள் கிருபையாலை சுகமாயிருக்கிறம். அங்கை சரியான குளிராமே. உங்கடை வீட்டு மகாதேவி அக்காவின்ரை தொய்வு, அந்த மூச்சிழுப்பு, எப்பிடி எண்டு ஒரு வரி எழுதுங்கோ.

நீங்கள் இவருக்கு எழுதின கடிதம் திங்கட்கிழமை வந்தது. இவர் வாசிச்சுப்போட்டு மாதா படத்துக்குப் பின்னாலை செருகிவிட்டுக் கரைக்குப் போயிட்டார். நான் எடுத்து வாசிச்சன், குறை நினைக்காதையுங்கோ. சின்ன விசயத்தைப் பெரிசாக்க வேண்டாம், சேவைக் கழகத்தை விட்டு விலக வேண்டாம் எண்டு எழுதியிருந்தியள். தலைவர், கோட்டிலை வழக்குப் பேசுற ஆழ்வாப்பிள்ளை புறக்டர் உங்களுக்குச் சொன்னதை வைச்சுத்தான் அப்பிடி எழுதியிருப்பியள். அவர் சொன்னது பாதி. மிச்சப் பாதியை நான் சொல்லுறன்.

உங்கடை கழகத்தின்ரை வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாதம் ஒரு அங்கத்தவர் வீட்டிலை கூட்டம், பிறகு எல்லாரும் இருந்து ஒண்டாச் சாப்பிடுறது. சகோதர விருந்து எண்டு பேரும் வைச்சிருக்கிறியள். நீங்கள்தானே இவரைச் சேர்த்துவிட்டது. இரண்டு வருசமா இவர் எல்லார் வீட்டிலையும் போய்ச் சாப்பிட்டார். மழை தொடங்க முந்தி எங்கடை முறை வந்தது. இவருக்குக் கால் நிலத்திலை படேல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு, கதிரைக்கு வார்னிஷ், எனக்கொரு புதுச்சேலை, ஒண்டும் மிச்சமில்லை.

நான் முதலே யோசிச்சன் ஐயா. பக்கத்துக் கடை முத்துக்குமாரு அண்ணையிட்டைப் பஞ்சாங்கம் வாங்கி, வெள்ளி, சஷ்டி, கார்த்திகை, அமாவாசை எல்லாம் தள்ளி, ஒரு விரதமும் இல்லாத புதன்கிழமை ஒண்டைப் பார்த்து எடுத்தன். மீன் வாசம் படாத புதுச்சட்டி, புதுக்கிடாரம், புது அகப்பை. கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, முருங்கைக்காய், உள்ளிரசம், பாயசம். இலையும் பழக்குலையும் நீர்வேலியிலை இருந்து வந்தது. சமைக்க நல்லூரிலை இருந்து ஒரு ஐயரைக் கூப்பிடுவமோ எண்டு இவர் கேட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. என்ரை கையாலை சமைக்கிறதெண்டால் விருந்து, இல்லையெண்டால் கடையிலை போய்ச் சாப்பிடட்டும் எண்டன். விறகு கொத்தப் போயிட்டார்.

எல்லாரும் வந்தவை. கூட்டம் நல்லா நடந்தது. எங்கடை இறங்குதுறையிலை கம்பம் நட்டுப் பெரிய மின்சார விளக்கு ஒண்டு போடுறதெண்டு அண்டைக்குத்தான் தீர்மானிச்சவை. பொறுப்பு இவரிட்டை. போன மாரியிலை இருட்டுக்குள்ளை துறை தெரியாமல் செபநாயகத்தின்ரை வள்ளம் கல்லிலை ஏறிப் பிளந்ததும், ஆள் தப்பினதே பெரிய காரியமாப் போனதும் உங்களுக்குத் தெரியும். அந்தத் தீர்மானத்தைக் கேட்டு நான் குசினிக்குள்ளை அடுப்படியிலை நிண்டு அழுதன். நல்ல மனுசர் எண்டு மனதார நினைச்சன். இப்பவும் அதை மாத்திச் சொல்ல மாட்டன்.

சோடா குடுத்தம், குடிச்சினம். பழத்தட்டு வைச்சம், குலையே முடிஞ்சுது. இலையைப் போடப் போகேக்கைதான் தொடங்கினது. ஒராளுக்கு மச்சான் கொழும்பாலை வந்து நிக்கிறாராம். ஒராளுக்கு மத்தியானம் முழுக்க வயித்துக் குழப்பமாம். வங்கிச் சண்முகநாதனுக்கு மானிப்பாய்க்குக் கடைசி பஸ் போயிடுமாம். அப்ப ஆறு மணிகூட ஆகேல்லை, வெளியிலை நல்ல வெளிச்சம். கடவுளும் கொம்பனியும் மூடி அனுப்பினதை மட்டும் தொட்டவை, நான் திறந்து வைச்சதை ஒருத்தரும் தொடேல்லை.

அதோடை போயிருந்தால் பரவாயில்லை. ஆழ்வாப்பிள்ளை புறக்டர் கிடாரத்தை எட்டிப் பார்த்தார். இவ்வளவு சோறும் வீணாப் போகுமே, சுத்துவட்டாரத்துப் பிள்ளையளைக் கூப்பிட்டுக் குடுப்பம், கழகத்தின்ரை பேரிலை ஒரு தருமமாகவும் இருக்கும் எண்டார். எல்லாருக்கும் முகம் மலர்ந்துது. மச்சான் வந்திருந்தவரும் நிண்டார், பஸ்சுக்கு ஓடினவரும் நிண்டார். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு என்ரை அகப்பையாலை, என்ரை இலையிலை, எங்கடை ஒழுங்கைப் பிள்ளையளுக்கு விளம்பினவை. படமும் எடுத்தவை. இவர் சிரிச்சுக்கொண்டு வாளி தூக்கினார். நான் குசினி வாசலிலை சேலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

பத்திரிகையிலை வந்த படத்தை இதோடை வைச்சிருக்கிறன். குருநகர் ஏழைச் சிறார்களுக்குச் சேவைக் கழகத்தினர் உணவளித்தனர் எண்டு போட்டிருக்கு. இரண்டாவதா இருக்கிற பிள்ளையைப் பாருங்கோ. நீங்கள் தூக்கி வைச்சிருந்த எங்கடை சின்னவள் றெஜினா. பெருநாளுக்குத் தைச்ச சட்டையைப் போட்டுக்கொண்டு, தன்ரை வீட்டு முற்றத்திலை, தன்ரை தாய் சமைச்ச சோத்தைத் தருமமா வாங்கிச் சாப்பிடுறாள்.

இவர் அந்தப் படத்தைப் பார்த்த நாளிலை இருந்து கழகத்துக்குப் போகேல்லை. விளக்கு வேலையும் நிண்டுபோச்சு. கம்பத்துக்குக் கிடங்கு வெட்டினது வெட்டினபடி மழைத்தண்ணி நிண்டு கிடக்கு. ஆக்கள் கேட்டால் எழும்பிக் கரைக்குப் போறார். ஒரு நாள் மட்டும் என்னட்டைச் சொன்னார், டாக்டர் இஞ்சை இருந்திருந்தால் முதல் இலையிலை அவரெல்லோ இருந்திருப்பார் எண்டு.

ஐயா, இதைத்தான் நான் எழுத வந்தது. சொல்லலாமோ எண்டு மூண்டு தாளைக் கிழிச்சுப் போட்டன்.

நீங்கள் எங்கடை வீட்டுக்கு எத்தினை தரம் வந்திருப்பியள். றெஜினாவுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தபோது கொட்டுற மழைக்குள்ளை சைக்கிளிலை வந்து, அவள் சத்தியெடுத்ததை உங்கடை கையாலை துடைச்சியள். அதை மறந்தால் நான் மனுசியில்லை. ஆனால் நீங்களும் சோடாதான் குடிச்சியள் ஐயா. இல்லையெண்டால் இளநீர். குடலிலை புண், டாக்டருக்குக் கண்டதும் ஒத்துவராது எண்டு இவர் இண்டைக்கும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியிறார். மகாதேவி அக்காவின்ரை புளிக்குழம்பைப் போல உலகத்திலை இல்லையெண்டு உங்கடை வீட்டிலை சாப்பிட்டு வந்து புகழ்ந்து தள்ளுவார். உங்கடை ஆக்களான பொன்னம்பலம் மாஸ்டரின்ரை மகளின்ரை கலியாணத்திலை நீங்கள் மிளகாய்ச் சம்பலோடை திருப்பித் திருப்பிச் சோறு வாங்கினதை நான் கண்டனான். அண்டைக்கே எனக்கு விளங்கிப் போச்சு. இவருக்குச் சொல்லேல்லை. ஏன் சொல்லுவான்? இவருக்கு இருக்கிற ஒரேயொரு சிநேகிதர் நீங்கள்.

கோவத்திலை எழுதுறன் எண்டு நினைக்காதையுங்கோ. கோவம் இருந்தது, உண்மைதான். புறக்டர் ஆக்களிலை வந்த கோவம் ஒரு கிழமையிலை போட்டுது. உங்களிலை வந்தது போகேல்லை. உங்களிலை எனக்கு மரியாதை கூட, அதாலை நோவும் கூட.

இவரை எல்லாத்தையும் மறக்கச் சொல்லி நான் சொல்ல மாட்டன். விளக்கை முடிக்கச் சொல்லித்தான் கெஞ்சுறன். கடலுக்குப் போறவைக்கு ஆரின்ரை காசிலை எரியுற விளக்கு எண்டு தெரியத் தேவையில்லை, வெளிச்சம் தெரிஞ்சால் போதும். நேற்றுத்தான் கொஞ்சம் இளகினார். தை பிறக்கத் திறப்பு விழா வைக்கலாம், டாக்டர் வந்து திறக்கிறதெண்டால் தான் முன்னுக்கு நிண்டு செய்து முடிக்கிறன் எண்டார். ஆகையாலை வாருங்கோ. அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கோ.

நீங்கள் வாற அண்டைக்கு எங்கடை வீட்டிலை சோடா இருக்காது. இளநீரும் பறிக்க மாட்டன். சமைச்சு வைச்சு உங்களைச் சங்கடப்படுத்தவும் மாட்டன். என்ரை கையாலை ஒரு செம்பு தண்ணி தருவன். இவர் பார்த்துக்கொண்டிருக்க அதைக் குடியுங்கோ. இவரின்ரை கண்ணுக்கு அதிலை புதுசா ஒண்டும் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஏலாதெண்டால், லீவு கிடைக்கேல்லை எண்டு ஒரு தந்தி அடியுங்கோ. இவர் நம்புவார்.

உங்களையும் அக்காவையும் பிள்ளையளையும் மாதா தன்ரை முந்தானைக்குள்ளை வைச்சுக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவைப் பார்த்திருக்கும் சகோதரி,
இ. செபஸ்தியம்மா