சந்து முனை வரை

ஜூன் 9, திங்கள்

மாநகராட்சிச் செய்திகளிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். ஆராவமுதன் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். ஆசிரியர் தண்ணீர் கொடுத்தபோதே தெரிந்துவிட்டது. இனி எனக்கு ஞாயிறு இணைப்பில் நலப் பக்கம். பெயரையும் அவரே வைத்துவிட்டார்: ‘இன்று ஓர் அடி’. ஓர் உடற்பயிற்சி, ஓர் உணவு, கடைசியில் கட்டம் போட்டு மனதுக்குத் தெம்பு தரும் ஒரு வாக்கியம்.

“உங்க கை பட்டா ஜனங்க எழுந்து ஓடுவாங்க, சரளா” என்றார்.

வீட்டில் என் கணவர் உத்தமன் ஜன்னலோரம் இருந்தார். மார்ச்சில் பக்கவாதம் வந்ததிலிருந்து அதே நாற்காலி. நகரப் பேருந்து ஓட்டியவர். பிரேக்கை மிதித்த வலது கால்தான் இப்போது சொன்னபடி கேட்பதில்லை.

“இன்னா சொன்னானுங்க?”

சொன்னேன். முகத்தில் ஒரு பாதி சிரித்தது. நோய் வந்தபிறகு முதல் சிரிப்பு.

“எக்சர்சைஸா? நீயா? லிஃப்ட் ரிப்பேர்னு பேட்டியே எடுக்காம திரும்பி வந்தவ தானே நீ?”

அதற்காகவாவது இந்தப் பக்கம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஜூன் 11, புதன்

ஞாயிறு இணைப்பைப் புதன் மாலையே முடித்துக் கொடுக்க வேண்டும். வெள்ளி இரவு அச்சு. சிவாஜிநகர் பேருந்து நிலையத்தில் இரண்டு மசால் வடையை நின்றபடி தின்றுகொண்டே, ஆவியில் வெந்த உணவின் நன்மைகளை மனதுக்குள் எழுதி முடித்தேன்.

கட்டத்துக்கு வீட்டில் உட்கார்ந்து எழுதியது: ‘நாற்காலி உங்களைத் தாங்கும், எங்கும் கொண்டுபோகாது.’

எழுதி முடித்து நிமிர்ந்தபிறகுதான் எதிரில் அவர் இருப்பது கண்ணில் பட்டது. மாற்றவில்லை. நல்ல வாக்கியம்.

ஜூன் 20, வெள்ளி

இயன்முறை சிகிச்சைக்கு வரும் பையன் அஷ்வத் வாசலில் என்னை நிறுத்திச் சொன்னான். முதல் ஆறு மாதம்தான் முக்கியம். அதற்குள் கால் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் பெரும்பாடு. “செப்டம்பர் வரைக்கும் விடக்கூடாது மேடம். சார் நான் இருந்தா பண்றார். நான் போனா விட்டுடறார்.”

உண்மை. அஷ்வத் “ஆகுத்தே சார், ஆகுத்தே” என்று கன்னடத்தில், முடியும் முடியும் எனத் தட்டிக்கொடுக்கும்வரை கால் எழும். அவன் பைக் சத்தம் எங்கள் சந்து முனையைத் தாண்டியதும் அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். “இன்னொரு தடவை செய்யுங்க” என்றால், “ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் எழுதறியே, அவனுங்க செய்யட்டும்” என்கிறார்.

இந்த வாரம் அலுவலகத்துக்கு வந்த கடிதங்களில் பாதி என் பக்கத்துக்குத்தான். மாநகராட்சி ஊழலைப் பற்றி எழுதியபோது ஒருவரும் கடிதம் போட்டதில்லை.

ஜூலை 3, வியாழன்

சண்டை. ராகிக் களியும் உப்புக் குறைத்த கீரையும் வைத்தால் தட்டைத் தள்ளுகிறார். “எழுத்துல மட்டும் உப்பு காரம் எல்லாம் போடுற. எனக்கு மட்டும் மண்ணு.”

பிறகு பார்த்தால் நாற்காலிக்குக் கீழே எண்ணெய்க் காகிதம். பக்கத்து வீட்டு எல்லம்மா ஜன்னல் வழியாக போண்டா கொடுத்திருக்கிறாள். வண்டிக்கடை வைத்திருப்பவள். போய்க் கேட்டேன்.

“இன்னா பண்ண சொல்றக்கா? அந்த மனுசனுக்கு நல்லா வேலை செய்யறது வாய் ஒண்ணுதான். அதையும் கட்டிப் போட்டுட்டா?”

வந்த வழியே திரும்பிவிட்டேன். மேயரையே மடக்கிக் கேட்டவள் நான்.

ஜூலை 14, திங்கள்

இன்றும் அவர் பயிற்சி செய்யவில்லை.

ஜூலை 28, திங்கள்

ஆராவமுதனுக்கு வாக்கியங்கள் சலித்துவிட்டன. “அறிவுரை போதும். ஒரு மனுஷனைக் காட்டுங்க. விழுந்தவன், எழுந்திருக்கறவன். வாராவாரம் ஜனங்க அவன்கூடவே வரணும்.”

அப்படி ஒருவரைத் தேடிக்கொண்டு நான் எங்கும் போகவில்லை. ‘தொம்மலூரில் ஒருவர் இருக்கிறார். இந்த நகரத்தின் எல்லா மேம்பாலங்களிலும் பேருந்து ஓட்டியவர்’ என்று ஆரம்பித்தேன். எங்கள் பேட்டையைப் போட்டேன், அவர் பெயரைப் போடவில்லை. பெயர் போடாததால் அது அவர் இல்லை என்று ஆகிவிடுமா? போண்டாவையும் எழுதினேன். ஆராவமுதன் அந்த இடத்தில் சத்தமாகச் சிரித்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் இணைப்பை உருவி அலமாரியில் வைத்துவிட்டு மீதிப் பேப்பரை அவரிடம் கொடுத்தேன். எப்படியும் நலப் பக்கத்தை அவர் படிப்பதில்லை. பிறகு எதற்கு உருவினேன்?

ஆகஸ்ட் 11, திங்கள்

‘உங்கள் தொம்மலூர்க்காரர் எப்படி இருக்கிறார்?’ இதையே கேட்டு எத்தனை செய்திகள். ஒரு அம்மா அவருக்காகக் கோயிலில் வேண்டிக்கொண்டதாக எழுதியிருக்கிறார். உத்தமனிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல முடியாது.

வேடிக்கை என்னவென்றால் அவர் நிஜமாகவே தேறுகிறார். கோலை ஊன்றி அறைக்குள் நடக்கிறார். நான் அலுவலகம் போனபிறகு தானாகவே பயிற்சி செய்கிறாராம், அஷ்வத் சொன்னான். என் எதிரில் செய்வதில்லை. நான் பார்த்தால் கால் வெட்கப்படுகிறது என்றாராம் அவனிடம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ராத்திரிச் சாப்பாட்டில், முகம் கொடுக்காமல் சொன்னார்: “சனிக்கிழமை காலீல சந்து முனை வரைக்கும் போலாம்னு இருக்கேன்.”

“நானும் வரட்டுமா?”

“வேணாம். நீயும் வேணாம், அஷ்வத்தும் வேணாம். போய்ட்டு வந்து சொல்றேன்.”

களியை முழுதும் சாப்பிட்டார். தட்டைத் தூக்கும்போது என் கையை ஒரு நொடி பிடித்தார். கல்யாணமான புதிதில் இப்படிப் பிடிப்பார்.

ஆகஸ்ட் 20, புதன்

இணைப்பு முடியும் நாள். அவர் போகப்போவது சனி, பேப்பர் வருவது ஞாயிறு. அடுத்த வாரம் எழுதலாம் என்றேன். “அடுத்த வாரம் விநாயகர் சதுர்த்திக்கே பக்கம் போயிடும்” என்றார் ஆராவமுதன். “போறேன்னு சொல்லிட்டாரில்ல? எழுதிடுங்க.”

இது எங்கள் தொழிலில் புதிதல்ல. தேரோட்டத்துக்கு முந்தின நாளே ‘பக்தர்கள் வடம் பிடித்தனர்’ என்று எழுதி வைக்காத நிருபர் இந்த ஊரில் யார்?

எழுதினேன். விடியற்காலை, கோல், சந்து, முனையில் பேருந்து நிறுத்தத்துத் திண்டில் அவர் உட்கார்ந்தது, தான் ஓட்டிய தடத்துப் பேருந்து அந்த நேரம் பார்த்து வந்து நின்றது, ஓட்டுநர் கையசைத்தது. படித்துப் பார்த்தேன். கண் கலங்கியது. இத்தனை வருடத்தில் இதுபோல் நான் எழுதியதில்லை.

ஆகஸ்ட் 23, சனி

பேண்ட், சட்டை போட்டுக்கொண்டார். நான் சமையலறையிலேயே இருந்தேன், சொன்னபடி. வாசல் கேட் திறந்தது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட் மூடியது.

வடிகால் வேலைக்காக ராத்திரியோடு ராத்திரியாகச் சந்து முழுக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். எங்கள் கேட்டுக்கு எதிரே, குழியைத் தாண்ட, ஆடும் பலகை ஒன்று. அதில் கோல் நிற்காது.

“திங்கக்கிழமை மூடிடுவானுங்களாம். அப்ப போறேன்” என்றார். ஒரு வருத்தமும் இல்லை. விசிலடித்துக்கொண்டே சட்டையைக் கழற்றினார்.

நான் குளியலறைக்குள் போய் ஆராவமுதனைக் கூப்பிட்டேன்.

“நேத்து ராத்திரியே அச்சாயிடுச்சும்மா. ஏஜெண்டுங்க கைக்குப் போயாச்சு. திங்கக்கிழமை போயிடுவாரில்ல? ரெண்டு நாள்ல என்ன குடிமுழுகிப் போகுது?”

மாநகராட்சி நிருபராக இருந்திருந்தால் எந்தச் சந்தை எப்போது தோண்டுவார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இணைப்பை உருவினேன். பயனில்லை. எட்டு மணிக்குள் எல்லம்மா கையில் அதோடு வந்துவிட்டாள். “அண்ணா, உன்ன பத்தி எவ்ளோ அழகா போட்டுருக்குது! எப்பண்ணா போன? பலகை மேலயா ஏறிப் போன? நான் பாக்கவே இல்லியே!”

அவள் பின்னால் குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் நான்கு பேர். சால்வை. தலைவர் முனிராஜ் நாற்காலியில் இருந்தவருக்குச் சால்வை போர்த்தினார். இன்னொருவர் போனை உயர்த்தி, “அண்ணே, ஒரு நாலடி நடந்து காட்டுங்க, குரூப்ல போடறோம். நம்ம பசங்களுக்கு ஒரு இன்ஸ்பிரேஷன்” என்றார்.

அவர் நடக்கவில்லை. கால் வலி என்றார். அவர்கள் கைதட்டிவிட்டுப் போனார்கள்.

பிறகு பக்கத்தை மடியில் விரித்துக்கொண்டு முழுக்கப் படித்தார். விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்து. அலமாரியிலிருந்த பழைய இணைப்புகளையும் எடுத்துவரச் சொன்னார். போண்டா வந்த இடத்தில் விரல் நின்றது.

“ஸ்டாப்புல உக்காந்தேனா நான்?”

பழைய இணைப்புகளை அடுக்க ஆரம்பித்தேன்.

“நல்லா இருந்துச்சா? காத்து வந்துச்சா? சொல்லு, நீதானே பார்த்த.”

“சனிக்கிழமை போறேன்னு நீங்கதான் சொன்னீங்க…”

“உன் கிட்ட சொன்னேன் சரளா. பேப்பர்காரிகிட்ட சொல்லல.”

சால்வையை மடித்து என்னிடம் நீட்டினார். “இது உனக்கு.”

ஆகஸ்ட் 25, திங்கள்

குழியை மூடிவிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. அஷ்வத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

செப்டம்பர் 4, வியாழன்

என்ன தப்பு செஞ்சிட்டேன்? யாரையாவது கெடுத்தேனா? லஞ்சம் வாங்கினேனா? ஒருத்தர் நல்லபடியா எழுந்து நடந்தார்னு எழுதினேன் — அது நடக்கணும்னு அவரைவிட நான்தானே ஆசைப்பட்டேன்! மார்ச்சிலிருந்து அள்ளிப் போட்டது யார், குளிப்பாட்டினது யார்? வாசகர்களா?

ஒரு வார்த்தை திட்டினால் தேவலை. “தண்ணி”, “போதும்”, “லைட்”. இவ்வளவுதான் பேச்சு.

செப்டம்பர் 11, வியாழன்

கோலார் தங்கவயலிலிருந்து ஒரு பெண் கடிதம் எழுதியிருக்கிறாள். படுத்த படுக்கையாக இருந்த அவள் கணவன் என் தொம்மலூர்க்காரரைப் படித்துவிட்டு, ‘அவரே போகும்போது நான் போகமாட்டேனா’ என்று எழுந்துவிட்டானாம். தெரு முழுக்க நடக்கிறானாம். போட்டோவும் வைத்திருக்கிறாள்.

ஆராவமுதன் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். நான் மேசையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

செப்டம்பர் 18, வியாழன்

அஷ்வத் போன் செய்தான். “டைம் போகுது மேடம். கால் இறுகிடும். நீங்க கொஞ்சம் மோட்டிவேட் பண்ணுங்க.”

நான்.

அக்டோபர் 5, ஞாயிறு

நகரத்துக்கு வெளியே ஹெப்பகோடியிலிருந்து அவர் தங்கை தமயந்தி வந்தாள். கம்பெனி கேண்டீனில் வேலை செய்பவள். நான் சொல்வதற்கு முன்பே அண்ணன் வாயால் எல்லாம் கேட்டுக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை. அவர் துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்: “கொஞ்ச நாள் எங்க வீட்ல இருக்கட்டும் அண்ணி. அங்க இவரை யாருக்கும் தெரியாது. விழுந்தாலும் சும்மா விழலாம்.”

ஆட்டோவில் ஏறும்போது நான் தோள் கொடுத்தேன். அவர் ஆட்டோக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அக்டோபர் 8, புதன்

தொம்மலூர்க்காரர் தொடரை முடித்துவிட்டேன் என்று ஆராவமுதனிடம் சொன்னேன். “ஏன், இப்பதானே சூடு பிடிக்குது?” என்றார். அந்த இடத்தில் முளைகட்டிய பயறு பற்றி எழுதிக் கொடுத்தேன். கட்டத்துக்கு வாக்கியம் வரவில்லை. உதவி ஆசிரியராக இருக்கும் பெண் ஏதோ எழுதிப் போட்டுவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 29, புதன்

தமயந்தியின் போன். முதலில், “அண்ணி, எழுதமாட்டேன்னு சொல்லுங்க” என்றாள். சொன்னேன். சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தேன்.

அவர் நடக்கிறாராம். காலை ஷிஃப்டுக்குப் போகிற கூட்டத்தோடு கூட்டமாக, கோலை ஊன்றி, கம்பெனி கேட்வரை. அங்கே நின்று பஸ்காரர்களோடு பேசிவிட்டுத் திரும்புகிறாராம். ஒரு தடவை விழுந்தாராம். யாரோ தூக்கி நிறுத்திவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாராம்.

நவம்பர் 9, ஞாயிறு

ஹெப்பகோடி போனேன். சொல்லாமல் போயிருக்கக் கூடாது.

வாசலறையில் சுவரோடு போட்ட நாற்காலியில் இருந்தார். மெலிந்திருந்தார், முகம் தெளிந்திருந்தது. “வா” என்றார். ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போயிருந்தேன். தோலை உரித்துக் கொடுத்தேன், தின்றார். ஓய்வூதிய வேலைகள் எந்த அளவில் இருக்கின்றன என்று கேட்டார். அலுவலகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. சண்டைக்காரர் மாதிரி இல்லை. விருந்தாளியோடு பேசுவதுபோல் பேசினார்.

நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கைக்கெட்டாத தூரத்தில் தண்ணீர்ச் சொம்பு. தமயந்தியை எடுத்துத் தரச் சொன்னார். மின்விசிறி சுவிட்ச் இரண்டடி தள்ளி. அதற்கும் அவளைத்தான் கூப்பிட்டார். சாப்பாடும் அங்கேயே. வெயில் முகத்தில் விழுந்தது. நகரவில்லை.

மதியத்துக்கு மேல் முட்டியை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருந்தார். நெற்றியில் வியர்வை. என்னவென்று எனக்குப் புரியவில்லை. தமயந்தி சமையலறை வாசலில் நின்று கண்ணாலேயே பின்கட்டைக் காட்டினாள். கழிப்பறை அங்கேதான். காலையிலிருந்து அவர் போகவில்லை.

நான் இருக்கும்வரை போகமாட்டார்.

பையை எடுத்தேன். “அதுக்குள்ளயா?” என்றார், மரியாதைக்கு. அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். “வேலை இருக்குது, இனிமே ஞாயித்துக்கிழமையில வர முடியாது” என்றேன். அவர் தலையாட்டினார். தோள்கள் இறங்கின, சுமையை வைத்துவிட்டவர்போல.

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு கோல். ஒன்று, இன்னொன்று, கொஞ்சம் வேகமாகவே.

திரும்பிப் பார்க்காமல் பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன்.