வாகைக்குளத்தில் இறங்காத விமானம்

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி ஹெப்ரானுக்கு,

லில்லி அக்கா எழுதுகிறேன். நீயும் எப்சியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் கடிதம். கிழிக்காமல் படி.

அப்பாவுக்குத் தையல் பிரித்துவிட்டார்கள். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. நல்ல செய்தி இவ்வளவுதான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், சபையார் எல்லாரும் நிற்க, "யாரக் கேட்டு அப்பா கால எடுக்கக் கையெழுத்துப் போட்ட?" என்று கத்தினாய். உன்னைக் கேட்காமலா தம்பி? புண் அழுகி விஷம் ஏறுகிறது, உடனே காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் காலையிலேயே உன்னைத்தானே கூப்பிட்டேன்? "நான் வார வரைக்கும் கையெழுத்துப் போடாத. சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் ஐந்நூத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான், பிளேன்ல ஒன்றரை மணி நேரம்" என்றாய். அப்பாவைச் சென்னைக்கு உன்னோடு அழைத்துப் போ என்று நான் சொன்னபோதெல்லாம் நீ சொன்ன கணக்கும் இதுதான். நானும் நம்பினேன்.

காலை விமானத்தில் இடமில்லை. மத்தியானம்தான் ஏறினாய். உன்னைக் கூட்டிவர ஜெய்சன் அத்தான் வாகைக்குளம் ஏர்போர்ட்டில் காரோடு மழையில் நின்றார்கள். விமானம் வட்டமடித்துப் பார்த்து, இறங்க முடியாமல் மதுரைக்குப் போய்விட்டது. மழைக்கு நீ என்ன செய்வாய்? ஆனால் மதுரையில் இறங்கிய பிறகும், "காரில் வந்துகிட்டே இருக்கேன், பொறு" என்றாயே! டாக்டர் மறுபடியும் பேப்பரை என் முன்னால் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காலையில் டாக்டர் முழங்காலுக்குக் கீழே எடுத்தால் போதும் என்றார். சாயங்காலம் முழங்காலுக்கு மேலே என்றார். இது அப்பாவுக்குத் தெரியாது. நீ கத்தியபோது வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

மறுநாளே நீ திரும்பிவிட்டாய். அப்பாவோ பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "எம் மவன் பிளேன்ல பறந்துல்லா வந்தான்" என்று பெருமையடிக்கிறார்கள். கட்டு மாற்றிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிற எனக்கு எப்படி இருக்கும்?

அதையும் விடு. அப்பா குளிக்க மாட்டேன் என்கிறார்கள். மகள் குளிப்பாட்ட வெட்கம், மருமகனிடம் கூச்சம். ஈரத்துணியால் தானே துடைத்துக்கொள்கிறார்கள். நேற்று அப்படித் துடைக்கும்போது கட்டிலிலிருந்து சரிந்துவிட்டார்கள். அடி ஒன்றும் இல்லை. தூக்கி உட்காரவைத்ததும் பைய என்னிடம், "அவன் கொஞ்ச நாள் இங்கன இருப்பானா, கேளேன்" என்றார்கள். உன்னிடம் நேரே கேட்கமாட்டார்கள். உனக்குத்தான் அப்பாவைத் தெரியுமே.

லீவு போட்டுவிட்டு வா. எதில் வேண்டுமானாலும் வா. வரும்போதே திரும்புகிற டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வராதே.

ஆண்டவர் உன் வீட்டைக் காக்கட்டும். உன் கைகளுக்குப் பெலன் தரட்டும். அப்பா மெலிந்திருந்தாலும், தூக்குவதற்குக் கனமாகத்தான் இருக்கிறார்கள்.

உன் அக்கா,
லில்லி